ஒரு நாள் டூர்... ஒன்பது மீட்டிங்!

லண்டனில் இருக்கும் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வார்கள். அதுவும் நாம் வாளியில் சட்டையை ஊறவைத்துவிட்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்கும் நேரமாகப் பார்த்து!

"மச்சி, பாத் போயிட்டு வந்தேன்டா!"

"அதையெல்லாமா போன் பண்ணிச் சொல்லுவே? போனா தண்ணி ஊத்திட்டு வரவேண்டியதுதானே?"

"பாத்ரூம் இல்லடா பக்கி! பாத்... ஊர் பேரே அதான்!"

அப்புறம் முக்கால் மணி நேரம் அந்த ஊர்ப் புராணம். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாத். பூமிக்குள்ளிருந்து தானாகவே வெந்நீர் வருகிறதாம். 46 டிகிரி. ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். ரோமானியர்கள் கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடியே வந்து, அங்கே ஒரு கோயில், ஒரு குளம் என்று கட்டிவிட்டார்களாம். 1987-ல் யுனெஸ்கோ அந்த ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதாம்.

"சரி, குளிச்சியா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்தக் குளத்துல இப்ப யாரையும் குளிக்க விடமாட்டாங்கடா. சும்மா சுத்திப் பார்க்கலாம்."

குளிக்கிற ஊருக்குப் போய்க் குளிக்காமல் வந்தவன் எனக்குப் பெருமை பேசுகிறான்! ரோஷம் வருமா, வராதா? வந்தது.

"டேய், 1987-ல அதே லிஸ்ட்ல எங்க தஞ்சாவூர் பெரிய கோயிலும் இருக்கு. 2004-ல எங்க பக்கத்து ஊர் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்தாச்சு. உங்க ஆளுங்க தண்ணி இருக்கற இடத்துக்குப் போய் ஊர் கட்டினாங்க. எங்க ராஜேந்திரன் ஊரைக் கட்டிட்டு, கங்கைத் தண்ணியையே அங்க வரவழைச்சான். எது பெருசு?"

"நீ போயிருக்கியா?" என்றான் பாவி.

இந்தத் தடவை சத்தமில்லாமல் போனது என் முனை. பெரம்பலூரில் வேலைக்கு வந்து ஆறு வருஷம். கங்கைகொண்ட சோழபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். போனதில்லை சார்!

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணி டீக்கு ஆபீஸில் அறிவித்தேன். "தலைநகரத்திலிருந்து தலைநகரத்துக்கு ஒரு நாள் டூர்!"

"மெட்ராஸ்லேருந்தா?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

பெரம்பலூரிலிருந்துதான். சிரிக்காதீர்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த நாளாக எங்கள் ஊரும் ஒரு தலைநகரம்தான்... மாவட்டத் தலைநகரம். ரயில் மட்டும் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். அந்த அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் எங்களோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம் போய்விட்டது. எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

அப்போதுதான் மூலையில் கட்டுக் கட்டாக ஃபைல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நெஜமாவா தம்பி? எங்க ஊருக்கா?"

எங்கள் ரெக்கார்டு கிளார்க் ஐயா. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அவர் கிராமம். வாரத்தில் ஐந்து நாள் பெரம்பலூரில் ஒற்றை ரூம், வெள்ளிக்கிழமை சாயந்திரம் மஞ்சள் பையோடு ஊருக்குப் பஸ். ஒவ்வொரு ஐப்பசிப் பௌர்ணமிக்கும், "அன்னாபிஷேகம் சார், அவ்வளவு பெரிய லிங்கத்தையே சோத்தால மூடுவாங்க, வாங்க" என்று மேஜை மேஜையாகக் கூப்பிடுவார். ஆடித் திருவாதிரைக்கு, "எங்க ராஜாவுக்குப் பொறந்த நட்சத்திரம்" என்று மறுபடி ஒரு ரவுண்டு. "வந்துட்டாப் போச்சு!" என்போம். முப்பது வருஷமாக ஆபீஸ் மாறாமல் சொல்லி வரும் பதில் அது.

அந்த மாதம் 31-ம் தேதி வெள்ளிக்கிழமை அவர் ரிட்டயர் ஆகிறார். அதற்கடுத்த ஞாயிறு டூர் என்று முடிவானது. "சாப்பாடு எங்க வீட்டுலதான். அதுல பேச்சே இல்ல" என்று அவர் சொல்லிவிட்டார். நான் கன்வீனர். அதாவது, திட்டு வாங்குகிற போஸ்ட்.

முதல் மீட்டிங்கில் தேதி. ஞாயிறு வேண்டாம், வெள்ளி லீவு போட்டுப் போகலாம் என்றார் சூப்பரின்டெண்டென்ட். அவர் வீட்டம்மாவுக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. அங்கே வாரத்தில் திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறக்கும். சிறுவாச்சூர் திருச்சி ரோட்டில் தெற்கே இருக்கிறது, நாம் போவது கிழக்கே என்றேன். "வேனுக்குத் திசை ஏதுய்யா?" என்றார்.

இரண்டாவது மீட்டிங்கில் அக்கவுண்டன்ட், "ரஞ்சன்குடி கோட்டை பக்கத்துலதானே?" என்றார். பக்கம்தான். ஆனால் வடக்கே.

மூன்றாவது மீட்டிங்கில் சாத்தனூர் கல்மரம் சேர்ந்தது. 12 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் அடித்து வந்து புதைந்த மரம், 18 மீட்டர் நீளம், அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. "12 கோடி வருஷம் வெயிட் பண்ணின மரம், இன்னும் ஒரு மாசம் இருக்காதா சார்?" என்றேன். செல்லவில்லை.

நான்காவதில் கரைவெட்டி பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடமாயிற்றே, விடலாமா? ஐந்தாவதில், வீரமாமுனிவர் கட்டிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில். ஆறாவதில், 'பொன்னியின் செல்வன்' படம் மூன்று தடவை பார்த்த எங்கள் ஜூனியர், பழுவேட்டரையர்கள் ஊரான மேலப்பழுவூர் இல்லாமல் வேனில் ஏறமாட்டேன் என்று சத்தியாக்கிரகம்.

பேப்பரில் கோடு போட்டுப் பார்த்தேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் வேன் வடக்கு, தெற்கு, மேற்கு எல்லாம் சுற்றிவிட்டுக் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேருகிற நேரம் ராத்திரி ஒன்பதரை. கோயிலை டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பகலிலேயே மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

ஏழாவது மீட்டிங் முழுக்க, வேனில் ஏ.சி. வேண்டுமா வேண்டாமா. எட்டாவது, "குளிக்கிற ஊர்னு ஆரம்பிச்சீங்க. அதுக்குக் குற்றாலமே போயிடலாமே?"

இத்தனைக்கும் நடுவில் ஐயா ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, மெதுவாக ஒரே கேள்விதான் கேட்பார். "எங்க ஊர் லிஸ்டுல இருக்குல்ல தம்பி?"

31-ம் தேதி பிரிவு உபசார விழா. பெரிய அதிகாரி வேறொரு கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் வந்தார். மாலையைப் போட்டு, போட்டோவுக்கு நின்று, பிளேட்டிலிருந்த மிக்சரில் ஒரு முந்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஐயா மஞ்சள் பையில் மாலையை மடித்து வைத்தபடி, "ஞாயித்துக்கெழமை எட்டு மணிக்கு ஆர்ச்சுகிட்ட நிப்பேன் தம்பி" என்றார்.

ஒன்பதாவது மீட்டிங் சனிக்கிழமை ராத்திரி, வாட்ஸ்அப்பில் நடந்தது.

ஒருத்தருக்கு மாமியார் வந்துவிட்டார். ஒருத்தர் பையனுக்கு டியூஷன். சூப்பரின்டெண்டென்டுக்கு முழங்கால். ஜூனியருக்குக் கிரிக்கெட் மேட்ச் (பார்க்க!). பத்து பேராவது தேறினால்தான் வேன் என்று டிரைவர் சொல்லியிருந்தார். 'டூர் ஒத்திவைக்கப்படுகிறது' என்று நான் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் பதினாலு கட்டை விரல்கள்! ஒன்பது மீட்டிங்கில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

ஐயாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் அந்த குரூப்பில் இல்லை. அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பதினைந்து பேரும் நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டோம்.

ஞாயிறு காலை ஆறு மணி. போன்.

"தம்பி, வேன் கெளம்பிடுச்சா? பதினஞ்சு எலை அறுத்துட்டேன். கொழந்தைங்க யாராச்சும் வந்தாங்கன்னா சொல்லுங்க, கூட ரெண்டு அறுத்துடறேன்."

நியாயமாக என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஐயா, கேன்சல்" என்று இரண்டு வார்த்தை. என் வாயிலிருந்து வந்ததும் இரண்டே வார்த்தைதான்.

"கெளம்பிட்டோம் ஐயா!"

அப்புறம் பல்லைத் தேய்த்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியதும் சரியாக ஞாபகமில்லை. நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அரியலூர் பஸ்ஸில் தொற்றினேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை. ஒரு காலத்துக் கடலைத்தான் வெட்டி சிமென்ட் ஃபேக்டரிக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். அரியலூரில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ். உடையார்பாளையம் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. ஜெயங்கொண்டத்தில் மூன்றாவது பஸ். வழியெல்லாம் மனதுக்குள் வசனம் ஒத்திகை. 'வேன் ரிப்பேர்' என்று சொல்லலாமா? 'எல்லோருக்கும் காய்ச்சல்' என்று சொல்லலாமா? பதினாலு பேருக்கும் ஒரே ராத்திரியில் காய்ச்சல் வந்தால் டி.வி.யில் காட்டுவார்களே!

இறங்கும்போது மணி பத்து. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. ஆர்ச் ஓரமாக நின்றிருந்தார். எட்டு மணியிலிருந்து.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வேன் பின்னாடி வருதா தம்பி?"

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துவிட்டது. "இல்லீங்க ஐயா. நான் மட்டும்தான். நேத்து ராத்திரியே நின்னு போச்சு. உங்களுக்குச் சொல்லல... தப்பு என் பேர்லதான்."

அவர் ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, வாங்க. நடை சாத்தறதுக்குள்ள பார்த்துடலாம்."

சார், அந்தக் கோயிலைப் பற்றி என்ன எழுத? புல்வெளிக்கு நடுவே ஏறத்தாழ 180 அடி விமானம். தஞ்சாவூர் மாதிரி விறைப்பாக நிற்காமல், கொஞ்சம் இடுப்பை உள்வாங்கி, வளைந்து ஏறுகிறது. அப்பா ராஜராஜன் கட்டியதைவிட உயரம் குறைவு. அப்பாவுக்கு மரியாதை கொடுத்துத்தான் பையன் குறைத்துக் கட்டினான் என்பது ஐயாவின் கட்சி. உள்ளே 13 அடி உயர லிங்கம். வெளியே படுத்திருக்கும் நந்தி ஒரே கல்லில் செதுக்கியதல்ல. கட்டிச் சுதை பூசியது.

வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். சிவபெருமான் பார்வதியோடு உட்கார்ந்து, காலடியில் கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார்.

"அவரு மொகத்தைப் பாருங்க தம்பி. மாலை கட்டறதுல எவ்வளவு நிதானம்! அடுத்த மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னு ஓடல."

எனக்கு மிக்சரில் முந்திரி பொறுக்கிய கை ஞாபகம் வந்தது.

அடுத்தது சிங்கக் கிணறு. பெரிய சுதைச் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் உடம்பிலேயே ஒரு வாசல். அதற்குள் இறங்கினால் கிணற்றுக்குப் படி. கங்கையிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை இதில் ஊற்றினார்கள் என்கிறார்கள். 1023-ஐ ஒட்டி ராஜேந்திரனுடைய படை வடக்கே போய், தோற்ற ராஜாக்களைக் கங்கை நீர் சுமக்க வைத்துத் திரும்பியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றிக்கு அவன் கல்லில் தூண் நடவில்லை. ஓர் ஏரியை வெட்டி, அதையே தண்ணீராலான வெற்றித்தூண் என்று சொல்லிக்கொண்டான். பெயர் சோழகங்கம். இப்போது பொன்னேரி.

மதில் ஓரமாக நடக்கும்போது ஐயா நின்றார். "இங்க பெரிய கல் மதில் இருந்துச்சு தம்பி. 1836-ல அணைக்கரையில கொள்ளிடத்துக்குக் குறுக்க கீழணை கட்டறப்ப, இங்கேருந்து கல்லைப் பேத்துக்கிட்டுப் போனாங்க. ஊர் ஜனம் தடுத்துச்சாம். தடுத்தவங்களுக்குத் தண்டனைதான் கெடைச்சுது. கல்லுக்குப் பதிலா செங்கல்லுல மதில் கட்டித் தர்றோம்னு வாக்குக் குடுத்தாங்க."

"கட்டினாங்களா?"

"அப்பவும் அது கவர்மென்ட் ஆபீஸ்தானே தம்பி!" என்று சிரித்தார். 'அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை' என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கெஜட்டியரிலேயே அது இருக்கிறது.

அவர் சிரித்தார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கோயிலைப் பார்த்துவிட்டு மாளிகைமேடு. ராஜேந்திரன் அரண்மனை இருந்த இடம். செங்கல் சுவரின் அடிப்பகுதிகள் மட்டும் பாக்கி. தோண்டியபோது கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்தனவாம். சுமார் 250 வருஷம் ஒரு சாம்ராஜ்யத்துக்கே தலைநகரம்! இன்றைக்கு ஒரு டீக்கடைக்காரர், "சர்க்கரை தூக்கலா?" என்று கேட்கிறார்.

கடைசியாகப் பொன்னேரிக் கரை. பழைய கெஜட்டியர் கணக்குப்படி கரை நீளம் 16 மைல். கொள்ளிடத்திலிருந்து ஒரு வாய்க்கால், வெள்ளாற்றிலிருந்து ஒரு வாய்க்கால் என்று இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்த ஏரி. நான் பார்த்தபோது கொஞ்சம் தண்ணீர், நிறையப் பச்சை, நாலு கொக்கு.

"குளிக்கறீங்களா தம்பி?" என்று கேட்டு, மஞ்சள் பையிலிருந்து புதுத் துண்டை எடுத்தார். அதையும் கொண்டுவந்திருந்தார்! முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டேன். லண்டன்காரனால் அவன் ஊரில் செய்ய முடியாத காரியத்தைச் செய்துவிட்டேன்.

அப்புறம் அவர் வீடு. திண்ணையில் அடுக்கி வைத்த பதினைந்து நுனி இலை. அடுப்படியில் அண்டா நிறைய சாம்பார், வத்தக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், முந்திரி மிதக்கும் பாயசம்.

"மத்தவங்கல்லாம்?" என்றார்கள் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்தபடி.

நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா சொன்னார். "வேன்ல கோளாறு. தம்பி மட்டும் பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்திருக்காரு. மத்தவங்க அடுத்த ட்ரிப்புல வராங்க."

முப்பது வருஷம் எங்கள் ஆபீஸ் ரெக்கார்டுகளைக் காப்பாற்றிய மனுஷன். ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பையன்கள் என்று கூப்பிட்டுப் பந்தி போட்டார். ஒரு இலையும் வீணாகவில்லை. நான் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். தொண்டையில் இறங்கினது ஒரு தடவைதான்.

கிளம்பும்போது கனமாக ஒரு பை. "நம்ம காட்டு முந்திரி. ஆளுக்குக் கால் கிலோ. பதினஞ்சு பொட்டலம் இருக்கு. மேஜையில வச்சுடுங்க."

திங்கட்கிழமை வைத்தேன். ஆளுக்கு ஒன்று. "எங்கேருந்துப்பா?" என்றார் சூப்பரின்டெண்டென்ட். சொன்னேன். எட்டு மணியிலிருந்து நின்றதையும், பதினைந்து இலையையும், 'வேன்ல கோளாறு' என்றதையும் சொன்னேன். டைப்பிஸ்ட் அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். பதினொன்றரை மணி டீ வந்து ஆடை கட்டியது. யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சூப்பரின்டெண்டென்ட் தொண்டையைச் செருமினார். "சரி... சாயந்திரம் ஒரு மீட்டிங் போட்டு..."

"மீட்டிங் வேண்டாம் சார். என் கைக்காசுல அட்வான்ஸ் குடுத்து வேன் சொல்லிட்டேன். அடுத்த ஞாயிறு. நேரா கங்கைகொண்ட சோழபுரம். வழியில ஒரு கல்மரமும் கிடையாது. பெரம்பலூர்ல ஆறு மணிக்கு எடுத்தா எட்டு மணிக்கு ஆர்ச். எல்லாரும் துண்டு எடுத்துட்டு வாங்க. சாப்பாடு இந்தத் தடவை நம்ம செலவு. அம்மாவை அடுப்படிக்கு விடக்கூடாது."

இது எழுதும்போது புதன்கிழமை. இதுவரை ஒன்பது பேர் பணம் கொடுத்தாச்சு. சூப்பரின்டெண்டென்ட் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவிட்டதாகத் தகவல். சிறுவாச்சூரைத் தனியாக ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்கிறாராம்.

நீங்களும் போகலாம். சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வைகையும் பல்லவனும் காலையில் சென்னையைப் பார்த்துத்தான் ஓடிவரும். அதனால் ராத்திரி ரயிலில் ஏறி அரியலூரில் இறங்கி, பஸ் பிடித்து, மத்தியானம் நடை சாத்துவதற்குள் கோயிலைப் பார்த்துவிடுங்கள். பிளான் போட அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால், எங்கேயோ ஒருத்தர் இலையை அறுத்து வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்கப் போகிறார் என்று அர்த்தம்.

நேற்று ராத்திரி ஐயாவுக்குப் போன் செய்தேன். "வர்ற ஞாயிறு வேன் வருது ஐயா."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கெளம்பினப்பறம் போன் பண்ணுங்க தம்பி" என்றார்.